காந்தளும் அதன் கிழங்கும்

கார்த்திகைத் திங்களிலே வாடையும் மாரியும் சேர்ந்து வருங்காலத்தில், நமது ஊர்களின் வேலியோரங்களிலும் பற்றைகளிலும் காந்தட்கொடி தழைத்துப் பூப்பதை ஆசிரியர்கள் யாவருங் கண்டிருப்பர். நம்மூரார் அதனைக் கார்த்திகைப்பூ என்பர். விளக்கீட்டை ஒட்டிப் பூப்பதனாலும், நிறத்தினாலும் வடிவினாலுஞ் சுடரை ஒத்தலினாலும், அம்மலர் பிள்ளைகளின் உள்ளத்தை எளிதிற் கவர்ந்துவிடும். அக்காலத்தில் நமது வித்தியாசாலைகளிலே அது மூன்று பாடங்களுக்கு வந்து சேர்கின்றது. சங்கநூற் பகுதி கற்பிக்குந் தமிழாசிரியர் அதனைக் கொணர்ந்து காட்டுவர். முருகப்பெருமான் சூடுங் கண்ணியைக் கூறுஞ் சமயபாட ஆசிரியர் காட்டுவர். தந்து என்னும் உறுப்பை விளக்கும் விஞ்ஞான ஆசிரியருங் காட்டுவர். மூவரும் மலரையே காட்டுவர். மண்ணுக்குள்ளே கிடக்குங் கிழங்கைப்பற்றிப் பேசுவார் மிகச் சிலர்.

மலரைக் கற்பித்துக் கிழங்கைக் கற்பியாது விடுதல் பாதிப்பாடம் என்பது எமது துணிபு. விடுபட்டுப்போகும் பாதியோ, அறியாதிருப்பின் உயிர்க்கு இறுதி பயக்கத்தக்க பாதி. ஆதலால், அக்கொடியின் இயல்பு, பெயர்கள், மருந்தாகும் வகை, நஞ்சாகும் வகை என்பவற்றை ஆசிரியர்கட்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

காந்தள் ஆண்டுதோறும் மாண்டு ஆண்டுதோறும் முளைக்குங் கொடி. மழை தொடங்கியதும் கிழங்கின் நுனியிலுள்ள முளையினின்றும் மெல்லிய தண்டு எழும். பற்றுதற்கு வேலியோ செடியோ கிடைப்பின் பத்தடி, பதினைந்தடியும் ஏறும். கிடையாதாயின் நிலத்திலே துவண்டு கிடக்கும். இலைகள் நீண்டு, நரம்புகள் ஒன்றற்கொன்று ஒத்து நெடுக ஓட, நுனியிலே குறுகிச் சென்று கம்பிபோலச் சுருண்டு முடியும். இச்சுருளே தந்து. பாகற்கொடியிலே தந்து தண்டின் பக்கத்திலிருந்து தனியே தோன்றும். அவரையும் இராசவள்ளியுந் தந்தின்றித் தண்டினாலேயே சுற்றி ஏறும். காந்தளிலோ இலையின் நுனியே தந்தாகின்றது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் கண்ணாற் கண்டு கையால் வரைந்து மனத்திற் கொள்ளும்படி செய்தல் வேண்டும். அது தாவரநூல் அறிவுக்கு மாத்திரமன்று, உயிர்க்காவலுக்கும் உதவுவதென்பது பின்னர் விளங்கும்.

மலரின் அமைப்பு மிக்க வியப்புடையது. மலர் நிலத்தை நோக்கித் தலைகவிழ்ந்து நிற்க, ஆறு இதழ்களும் அதற்கு மாறாக மேனோக்கி மடிந்து, ஓரங்கள் அலைபோல நெளிந்து, காற்றில் அசையுந் தீக்கொழுந்துகளை ஒத்திருக்கும். மொட்டவிழும்பொழுது பசுமை கலந்த மஞ்சளாய் இருப்பது, நாளடைவில் அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் மாறி, இறுதியில் முழுதுஞ் செந்நிறம் அடையும். ஆதலால், ஒரு கொடியிலேயே எல்லா நிலைகளையும் ஒருங்கு காணலாம். கேசரங்கள் ஆறும் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல விரிந்து நிற்கும். தம்பமோ தன் அடியிலேயே செங்கோணமாக வளைந்து பக்கத்தே நீண்டு செல்லும். இவ்வளைவு எதற்கென்று மாணாக்கர் வினாவுவர். தென்னாபிரிக்க ஆராய்ச்சியாளர் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, வண்ணத்துப்பூச்சிகள் தேனுண்ண வந்து சிறகடிக்கும்பொழுது அவற்றின் சிறகிலே மகரந்தம் ஒட்டி வேறொரு மலரின் குறியிற் சேர்கின்றதென்றும், மலர் கவிழ்ந்து நிற்றலும் உறுப்புக்கள் பக்கத்தே விரிந்து நிற்றலும் அதற்கு இயைந்தனவென்றுங் காட்டினர். திருமுருகாற்றுப்படை வண்டு மொய்யாத காந்தள் என்று கூறுவதை இதனோடு சேர்த்துக் காட்டின் வகுப்பிலே ஊக்கம் மிகும். எனினும், வேறு பாட்டுக்களிலே தும்பி காந்தளை ஊதுகின்றமையால், இதனை ஒரு விஞ்ஞானக் கொள்கையாக நாட்டப் புகுதல் வேண்டா.

ஆறு இதழ்களை ஆறுமுகத்தோடு இயைத்துக் கூறும் வழக்கமும் உண்டு. அன்பினாற் கூறப்படுவதை யாம் மறுக்கப் புகுகின்றிலேம். இலில்லி முதலிய பல மலர்களிலும் மூன்றும் மூன்றுமாக ஆறு இதழ்கள் உளவென்பதையும் உடன் கூறுதல் நன்று.

இனிப் பெயர்களைக் கூறுவோம். எமது கருத்தில், இக்கொடியைப்பற்றிய பாடத்தைப் பெயர்களைக்கொண்டே முழுதும் நடத்திவிடலாம். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொகுத்த மலர்வரிசை காந்தளிலே தொடங்குகின்றது. அவ்வரிசையிலே தோன்றி என்பது வேறாகவும் வருகின்றது. பிற்காலத்தார் தோன்றியைச் செங்காந்தளென்றே கொண்டனர். மகளிர் விரலுக்குக் காந்தளை உவமித்தல் புலவர் மரபு. கவிழ்ந்த மலரினின்றும் நீண்டு நிற்கும் இதழ்களைக் கண்டார்க்கு அவ்வுவமை தானே விளங்கும். கார்த்திகைப்பூ என்பது காலம்பற்றி வந்த பெயர். தலைச்சுருளி என்பது இலைத்தலை சுருண்டிருத்தல் பற்றியது. இவையெல்லாம் மேலே காணப்படுவனவற்றால் வந்த பெயர்கள்.

மண்ணைத் தோண்டினால் வேறு பெயர்கள் வெளிப்படும். கலப்பைக்கிழங்கு என்பது ஒன்று. கிழங்கு இரண்டு கவடாகப் பிரிந்து, ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும், ஏர்க்கலப்பை போல வளைந்து கிடத்தலால் அப்பெயர் வந்தது. வடமொழியிலே இலாங்கலி என்பதும் இப்பொருளதே. இலாங்கலம் என்றாற் கலப்பை. அக்கினிசிகை என்பது தீச்சுடர், அது மலரின் நிறத்தைக் குறிப்பதென்பர் சிலர், கிழங்கின் காரத்தைக் குறிப்பதென்பர் சிலர், இரண்டும் பொருந்தும். விசல்லியை என்பது சல்லியத்தை, அஃதாவது உடம்பிற் தைத்த முள், அம்பு முதலியவற்றை, வெளிப்படுத்துவது என்னும் பொருளுடையது. கர்ப்பபாதினி என்னும் பெயரோ கருவை விழச்செய்வது என்று வெளிப்படையாகவே கூறிவிடுகின்றது. தமிழ்நாட்டிலே கண்வலிக்கிழங்கு என்னும் பெயர் பெருவழக்கு. மலரை நெடுநேரம் உற்றுநோக்கினாற் கண் நோகும் என்னும் நம்பிக்கையை அதற்குக் காரணமாகக் கூறுவர். நோக்குதலால் நோய் வாராது. ஆயினும், சிறுபிள்ளைகளை அண்டவிடாது தடுத்தற்கு முன்னோர்க்கு அந்நம்பிக்கை உதவியிருக்குமென்று எண்ண இடமுண்டு. சிங்கள மக்கள் இதனை நியங்கலா என்பர்.

1753இல் இலின்னேயசு என்னும் சுவீடன் தேசத்துத் தாவரநூலார் இதற்கு இட்ட பெயர் குளோரியோசா சுப்பர்பா. இரண்டு சொற்களும் புகழ்ச்சொற்களே. சிறப்புடையது, மேன்மையுடையது என்பதன்றி வேறொன்றும் அவற்றால் அறியப்படமாட்டாது. உலர்ந்த மாதிரிகளையும் படங்களையுங் கொண்டு தூரதேசத்திலிருந்து பெயரிட்டவர் அழகை மாத்திரம் கண்டனர். கொடியோடு ஒரே மண்ணில் வாழ்ந்தவர்களோ கலப்பையையும் நெருப்பையுங் கருவழிவையுங் கண்டு பெயரிட்டனர். பெயர்களைக் கூறி, ஒவ்வொன்றற்குங் காரணம் வினாவிக்கொண்டு சென்றால், மாணாக்கர் மலரிலிருந்து கிழங்குக்குத் தாமே இறங்கிச் சேர்வர். ஆசிரியர் அச்சுறுத்த வேண்டுவதில்லை.

வைத்தியநூலார் இக்கிழங்கை உபவிடங்களுள் ஒன்றாக வகுத்தனர். பாவப்பிரகாசம் கூறும் உபவிடங்கள் ஏழு: எருக்கம்பால், கள்ளிப்பால், இலாங்கலி, அலரி, குன்றி, அபின், ஊமத்தை என்பன. இவ்வரிசையை நோக்குக. எருக்கும் அலரியும் ஊமத்தையுஞ் சிவபூசைக்கு எடுக்கும் மலர்களைத் தருவன, காந்தள் முருகனுக்குரியது. நமது நந்தவனங்களிலும் வேலிகளிலும் உள்ள செடிகளுட் பல நஞ்சுடையன என்பது இதனாற் பெறப்படும். பூசைக்கு ஆகும் செடி உணவுக்கும் மருந்துக்கும் தீங்கற்றது என்று ஒரு பிள்ளை கருதுமாயின், அக்கருத்தைத் திருத்துதல் சமயபாட ஆசிரியரின் கடமையேயாம்.

சித்த வைத்தியத்திலும் ஆயுள்வேதத்திலும் இக்கிழங்கு பச்சையாகக் கொடுக்கப்படுவதன்று. மெல்லிதாக அரிந்து மோரிலும் உப்பிலுமோ கோமூத்திரத்திலுமோ ஊறவைத்து உலர்த்துதல் முதலிய சுத்திமுறைகளைச் செய்த பின்னரே, வேறு சரக்குகளோடு கூட்டி, மிகச் சிறிய அளவில் வழங்கினர். மூட்டுவாதம், தோல்நோய், புண் முதலியவற்றுக்குப் பெரும்பாலும் மேற்பூச்சாகவே பயன்பட்டது. சுத்தி நஞ்சைக் குறைக்குமேயன்றி முற்றாக நீக்கும் என்று எவரும் உறுதிகூற இயலாது. இதனை முறையாகக் கற்றோர் கையாளுதல் வேறு. ஏட்டிலே ஒரு வரியைக் கண்டோ, அயலார் சொல்லைக் கேட்டோ, வீட்டிலே அரைத்தல் வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. கைதடியிலே சித்த போதனா வைத்தியசாலையும் உண்டு. கற்றவர்கள் அருகிலிருக்கக் கைவைத்தியத்தை நாடுதற்கு நியாயமில்லை.

மேலைத்தேசத்து இரசாயனநூலார் இக்கிழங்கின் உட்பொருளை அறிந்த வரலாறு சுவையுடையது. ஐரோப்பாவிலே இலையுதிர்காலத்திற் பூக்கும் கொல்சிக்கம் என்னும் பூண்டின் கிழங்கை வாதரத்த நோய்க்கு நெடுங்காலமாக வழங்கிவந்தனர். 1820இல் பெலத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அதனின்றும் ஒரு சத்தைப் பிரித்தெடுத்தனர். சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனை அவ்வாண்டிலேயே பிரித்தவர்களும் அவர்களே. அச்சத்து பின்னர்க் கொல்சிசீன் எனப் பெயர்பெற்றது. 1915இல் கிளூவர், கிறீன், தூற்றின் என்னும் மூவர் நமது காந்தட்கிழங்கை ஆராய்ந்து, அதிலும் அக்கொல்சிசீனே உளதெனக் கண்டனர். இரண்டு கண்டங்களிலே, தோற்றத்தில் ஒன்றையொன்று ஒவ்வாத இரண்டு பூண்டுகள், ஒரே நஞ்சையும் ஒரே மருந்தையுந் தாங்கியிருந்தன. இக்காலத் தாவரநூலார் இரண்டையும் ஒரே குடும்பத்துள் அடக்குவர்.

கொல்சிசீன் செய்யுந் தொழிலை உயர்வகுப்பு மாணாக்கர்க்கு விளக்குதல் இயலும். உடம்பிலே ஒரு கலம் இரண்டாகப் பிரியும்பொழுது, நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துச்செல்வதற்கு மிக நுண்ணிய இழைகள் கட்டப்படுகின்றன. கொல்சிசீன் அவ்விழைகள் கட்டப்படாதவாறு தடுக்கின்றது. பிரிவு தொடங்கும், முடிவுறாது. இந்த ஒன்றைத் தெளிவாக அறிந்தவர்க்கு மற்றவையெல்லாந் தாமே விளங்கும். விரைந்து கலம் பிரியும் உறுப்புக்கள் எவை? குடலின் உட்டோல், குருதியைப் பிறப்பிக்கும் என்புமச்சை, மயிரின் வேர். நஞ்சுண்டார்க்கு முதலில் வயிற்றுப்போக்கும், பின்னர்க் குருதிக் கலங்களின் குறைவும், பிழைத்தார்க்கு மயிருதிர்தலும் வருவது இக்காரணத்தாலேயே. 1966இல் பிரித்தானிய வைத்தியச் சஞ்சிகை ஒன்றிலே, காந்தட்கிழங்கின் நஞ்சினின்றும் பிழைத்த ஒருவருக்கு உடன்மயிர் முழுதும் உதிர்ந்தமை இலங்கை வைத்தியரொருவரால் எழுதப்பட்டது.

இதே தொழிலைப் பயிர்விருத்தி செய்வோரும் பயன்படுத்திக்கொண்டனர். கொல்சிசீன் பட்ட தாவரக் கலத்திலே நிறமூர்த்தங்கள் இரட்டித்தும் கலம் பிரியாது நின்றுவிடுதலால், இருமடங்கு நிறமூர்த்தங்களையுடைய செடிகள் தோன்றுகின்றன. அமெரிக்க அறிஞர் பிளேக்சிலீயும் ஏவரியும் 1937இல் இதனை வெளியிட்டனர். விதையில்லாத வத்தகப்பழம் உண்டாக்கப்பட்டது இவ்வழியாலேயே.

மருந்தாகுங்கால் அளவே யாவுமாம் என்பதற்குக் கொல்சிசீனைப்போலச் சிறந்த உதாரணம் கிடைத்தலரிது. வாதரத்தம் கடுமையாக எழும்பொழுது, மேலைவைத்தியர் நெடுங்காலம் மணிக்கு மணி மருந்தைக் கொடுத்து, வயிற்றுப்போக்குக் கண்டபின்னரே நிறுத்தினர். அஃதாவது, நஞ்சின் முதற்குறி காணும்வரை கொடுத்தனர். 2010இல் வெளிவந்த ஒரு பரிசோதனையிலே, மொத்தம் 1.8 மில்லிகிராம் கொடுக்கப்பட்டவர்களும் 4.8 மில்லிகிராம் கொடுக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒத்த சுகமே பெற்றனர் என்பதும், குறைந்த அளவு பெற்றவர்க்கு வயிற்றுத் துன்பம் மிகக் குறைவென்பதும் அறியப்பட்டன. 2023இல் ஐக்கிய அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிருவாகம் இருதயநோயாளர் சிலருக்கு நாள் ஒன்றுக்கு 0.5 மில்லிகிராம் கொடுத்தலை அங்கீகரித்தது. அரை மில்லிகிராம் என்பது ஒரு கிராமின் இரண்டாயிரத்தில் ஒரு கூறு. விரல்நுனியில் வைத்தாலுங் கண்ணுக்கு நன்கு புலப்படாது. அந்த அளவிலும், சிறுநீரகம் பழுதுற்றோர்க்கும், வேறு சில மருந்துகளை உட்கொள்வோர்க்கும் அது தீங்காகலாம் என்று வைத்தியர் அஞ்சி ஆராய்ந்தே கொடுக்கின்றனர். கிழங்கிலோ சத்தின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும். அம்மியில் அரைப்பவர் எதைக்கொண்டு அதனை அளப்பார்?

இம்மருந்தின் பொருட்டே தமிழ்நாட்டிலே திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் காந்தள் வயற்பயிராக வளர்க்கப்படுகின்றது. விதையே விலைபோவது. கமக்காரர் மலர்தோறுஞ் சென்று கையினால் மகரந்தஞ் சேர்ப்பர். தமிழ்நாட்டு அரசாங்கம் இதனை மாநில மலராகக் கொண்டது. ஆபிரிக்காவிலே சிம்பாபுவே தேசத்தாருந் தேசிய மலராகக் கொண்டனர். அவுஸ்திரேலியாவின் கீழ்க்கரையிலோ இது தானே பரவி, களையென்று ஒழிக்கப்படுகின்றது.

இனி, நஞ்சு வரும் வழிகளைக் கூறுவோம். இலை, தண்டு, மலர், விதை, கிழங்கு என்னும் எல்லா உறுப்புக்களிலும் நஞ்சுண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. முதலாவது வழி மயக்கம். வற்றாளைக்கிழங்கு, காட்டுவள்ளி முதலியவற்றோடு மயங்கிக் காந்தட்கிழங்கை அவித்துண்டு இறந்தோர் இலங்கையிலும் இந்தியாவிலும் உளர். அவித்தலாலும் சுடுதலாலும் கொல்சிசீன் அழியாது என்பதை ஆசிரியர்கள் அழுத்திக் கூறல்வேண்டும். மரவள்ளியை அவித்து நஞ்சு நீக்கி உண்ணும் நம்மவர்க்கு, அவித்தால் எதுவும் நீங்கும் என்னும் எண்ணம் எளிதில் உண்டாகும். இம்மயக்கம் பூக்காலத்தில் நேர்வது அரிது. அப்பொழுது கொடி தன்னைத் தானே அறிவித்துக்கொண்டு நிற்கின்றது. தை, மாசி கழிந்து கொடி பட்டுப்போனபின், மண்மேல் ஒரு குறியுமின்றிக் கிழங்கு மாத்திரம் உறங்கிக் கிடக்கும். புரட்டாதியிலே மழைக்கு முன் காணி கொத்தும்பொழுது மண்வெட்டியில் அகப்படும் கிழங்கு எதுவென்று யார் கூறுவார்? அக்காலத்திலே ஒரே துணை கிழங்கின் வடிவம். கலப்பை போலக் கவைத்து, தோல் மெல்லிதாய் மண்ணிறமாய், உள்ளே வெண்மையாய் இருப்பின் ஐயுறுதல் வேண்டும். ஐயுற்ற கிழங்கை நாவில் வைத்துச் சோதித்தல் ஒருபொழுதுந் தகாது.

இரண்டாவது வழி பிள்ளைகளின் விளையாட்டு. காய் முற்றி வெடிக்கும்பொழுது உள்ளே செம்மஞ்சள் நிறமான உருண்டை விதைகள் வரிசையாகத் தோன்றும். குன்றிமணியையும் மஞ்சாடியையும் பொறுக்கும் பிள்ளைகள் இவற்றையும் பொறுக்காதிரார். மூன்றாவது வழி கைவைத்தியம். பேறு எளிதாகும்பொருட்டுக் கிழங்கை அரைத்து வயிற்றிலோ உள்ளங்காலிலோ பூசும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அதனின்றும் வழுவி உள்ளுக்குக் கொடுத்தமையாற் பெண்கள் உயிரிழந்ததும் உண்டு. கர்ப்பபாதினி என்னும் பெயரைக் கூறுமிடத்து, ஆசிரியைகள் உயர்வகுப்புப் பெண்களுக்கு இதனை மறையாது எடுத்துரைத்தல் நன்று. பாம்புக்கடிக்குங் கிழங்கை அரைப்பார் உளர். அதனால் விடம் முறியுமென்பதற்குச் சான்றில்லை, வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய பொழுதே வீணாகும்.

நஞ்சின் குறிகள் உடனே தோன்றாமை இதன் பெருங்கேடு. உண்டபின் சில மணிநேரம் ஒன்றும் இல்லாததுபோல இருக்கும். பின்னர் வாயுந் தொண்டையும் எரிய, வாந்தியும் வயிற்றுவலியும் நீராகப் போதலுந் தொடங்கும். இதனைக் கெட்ட உணவாலோ வாந்திபேதியாலோ வந்ததென்று பலர் எண்ணிவிடுவர். ஒருநாட் கழிய வயிறு அடங்குவதுபோலத் தோன்றவுங் கூடும். அப்பொழுதே உள்ளே சிறுநீரகமும் ஈரலும் என்புமச்சையும் பழுதுபடத் தொடங்கியிருக்கும். குருதியழுத்தங் குறைதல், மூச்சுத் தளர்தல், வலிப்பு, குருதி கசிதல் என்பன இரண்டாம் மூன்றாம் நாட்களில் வரும். ஆதலால், பிள்ளை நன்றாக விளையாடுகின்றது என்பதைக்கொண்டு பொறுத்திருத்தல் ஆகாது. குறி தோன்றுமுன்னரே வைத்தியசாலை சேர்ந்தவர்க்கே நன்மை மிகுதி.

பாடசாலையில் ஒரு பிள்ளை இக்கிழங்கையோ விதையையோ வாயிலிட்டதென்று ஐயம் நேரின், வாயில் எஞ்சியதைத் துப்பச்செய்து நீரினாற் கொப்பளிப்பிக்குக. வாந்தி வருவிக்க முயலற்க. புளி, தேங்காய்ப்பால், முட்டை முதலியன கொடுத்து நேரம் போக்கற்க. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தால் அம்புலன்சு வண்டி வரும். அதனினும் விரைவான வாகனம் கிடைப்பின் அதிலே கொண்டுசெல்லுக. உண்ட கிழங்கின் எஞ்சிய துண்டையும், கொடி நிற்குமாயின் இலையோடு கூடிய ஒரு நுனியையும் கடதாசியிற் சுற்றிக் கொண்டுபோதல் வேண்டும். உண்ட நேரத்தையும், ஏறக்குறைய எவ்வளவு என்பதையும் எழுதிக்கொடுக்குக. முற்பட்டுச் சென்றால் வைத்தியர் கரி மருந்து கொடுத்து நஞ்சு குடலில் ஊறாது தடுக்க முயல்வர். நாளத்தின்வழி நீரேற்றிப் பலநாள் காத்திருந்து நோக்குவர். இந்நஞ்சை நேரே முறிக்கும் மருந்தொன்று பிரான்சு தேசத்தில் ஆக்கப்பட்டு, அதனால் ஒருவர் பிழைத்தமை 1995இல் வெளியிடப்பட்டது. எனினும் அது வைத்தியசாலைகளிற் பெறக்கூடியதாக வழக்கத்துக்கு வரவில்லை. கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலுள்ள நஞ்சுத் தகவல் நிலையத்தாரை வைத்தியர்கள் வினாவி அறிவர்.

இவ்வளவையுங் கேட்ட ஆசிரியர் சிலர், கொடியை வேரோடு அகழ்ந்து ஒழித்துவிடலாமே என்பர். அதற்கு யாம் உடன்படேம். மருந்துக்காகவும் விற்பனைக்காகவுங் காட்டுக்கிழங்கைத் தோண்டுதலால் இக்கொடி அருகிவரும் இடங்கள் உள. அறியாமையே அகழ்ந்தெறியத்தக்கது. சிறுவர் வகுப்புக்களின் முற்றத்திலும், மரக்கறித்தோட்டத்தின் அருகிலும் இதனை நடாது விடுதல் போதும். ஆங்குத் தானே முளைத்திருப்பின் வளர்ந்தோர் கையுறையிட்டுக் கிழங்கை எடுத்து, பிள்ளைகள் செல்லாத வேலியோரத்திலே பெயர்த்து நடலாம். பச்சைக்கிழங்கின் சாறு சிலருக்குத் தோலில் எரிவு உண்டாக்கும்.

பாடத்தை நடத்துமாற்றிலும் ஒரு சிறு மாற்றம் வேண்டும். வழக்கமாகக் கரும்பலகையில் வரையும் படம் மண்மட்டத்திலே முடிந்துவிடுகின்றது. மண்மட்டக் கோட்டை நடுவிலே இட்டு, மேலே கொடியும் மலரும், கீழே கலப்பை வடிவான கிழங்கும் வரைவிக்குக. அருகே வற்றாளைக்கிழங்கின் கொடியையும் கிழங்கையும் ஒப்புநோக்க வரைவிக்குக. வற்றாளையின் இலை அகன்று இதயவடிவாய்க் காம்போடு கூடியிருக்கும். அதிலே சுருள் இல்லை. காந்தளின் மலரையும் இலையையும் வகுப்பிற்குக் கொணரலாம். கிழங்கைப் படத்தினாற் காட்டுதலே தகும். மலரைத் தொட்ட பிள்ளைகள் உணவுக்கு முன் கைகழுவல் வேண்டும். மாசி வரையில் வேலியிலே காய்கள் பழுத்து நிற்கும். அவை வெடிக்குமுன் கொய்து, ஆழமான குழியிலிட்டு மூடிவிடுக.